முதல் நாவலே முடியவில்லை

எழிலரசிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அவ்வளவுதான். அதன் குடுமியைப் பிடித்து வெளியே இழுக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. ரேஷன் கடைக்குப் போனால் அரிசியைப் பார்க்கமாட்டாள், தராசு முள்ளைத்தான் பார்ப்பாள். வயிற்றுவலி என்று லீவு கேட்கும் பையனின் கையை மோந்து பார்ப்பாள், மாங்காய் வாசனை வருகிறதா என்று. புருஷன் அர்ஜுனன் ஆட்டோ பஞ்சர் என்று சொல்லி லேட்டாக வந்தால், ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டு என்பாள். பாவம், அவனும் குனிந்து காட்டுவான். இப்படிப்பட்டவள் போய் நவீன நாவல் படித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் தமிழாசிரியை. எம்.ஏ. முடித்துவிட்டால் மேல்நிலை வகுப்புகளுக்குப் போகலாம். அடுத்து வரும் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த தனம் அவளைத் தாண்டிப் போய்விடுவாள். தனம் ஏற்கெனவே எம்.ஏ. முடித்து, "எழிலக்கா, நீங்க எப்ப முடிக்கிறீங்க?" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றத் தாள்களையெல்லாம் தபால் வழியில் எழிலரசி எழுதித் தள்ளியாகிவிட்டது. பாக்கி நவீன நாவல் ஒன்றுதான். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் பல்கலைக்கழகத்துக்கு என்ன தோன்றியதோ, அந்த ஒரு தாளை மட்டும் இன்டர்நெட் வழியாக நடத்துவதாக அறிவித்துவிட்டது.

வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? அடி அண்ணாமலையில் அவர்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு பஸ் பிடித்து திருவண்ணாமலை வந்து, தேரடித் தெருவில் கண்ணாயிரம் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் உட்காருவாள். பலகை வைத்துத் தடுத்த குட்டிக் குட்டி அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. கடைசி அறைக்கு மட்டும் பக்கத்துச் சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. சனி, ஞாயிறு தவிர எல்லா நாளும் சாயங்காலம் வகுப்பு. வகுப்பென்றால் முகம் கிடையாது, குரல் கிடையாது. பேராசிரியர் கோதண்டராமன் என்கிற பெயருக்கு எதிரே வரி வரியாக எழுத்து வரும். முப்பது பேர் ஆளுக்கொரு ஊரிலிருந்து அதைப் படித்துக் கேள்வி தட்டுவார்கள். ஆங்கில எழுத்தில் தட்டினால் திரையில் தமிழாக விழும்.

"மூஞ்சே தெரியாதவன் வாத்தியாரா? டுபாக்கூரு மாதிரி கீதே" என்றான் அர்ஜுனன்.

அவளுக்கும் உள்ளூர அதே பயம்தான். ஆனால் முதல் வாரத்திலேயே அந்த மனிதர் அவளை மடக்கிவிட்டார்.

ஐந்து நாவல்கள் பாடம். முதல் நாவலுக்குப் பெயர் 'வெளித்தாழ்'. ஓர் அரிசி மில் கணக்குப்பிள்ளை தன் கதையைத் தானே சொல்கிறான். அண்ணன் ஒரு விடிகாலையில் வீட்டை விட்டுப் போய்விட்டான். கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுப் போனான். "நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன்" என்கிறான் தம்பி. எழிலரசி படித்துவிட்டு, ஐயோ பாவம் தம்பி என்று எழுதி அனுப்பினாள். பேராசிரியர் பதில் போட்டார்: "அம்மா, இருபதாம் பக்கத்தில் அவன் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதாகச் சொல்கிறான். அசந்து தூங்கியவனுக்கு அது எப்படிக் கேட்டது? கதை சொல்கிறவன் சொன்னதை மட்டும் பார்க்காதீர்கள். அவன் தாண்டிக் குதித்த இடத்தைப் பாருங்கள்."

எழிலரசிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தான் பிறவியிலிருந்து செய்துவரும் காரியத்துக்கு ஒரு பாடத்திட்டமே இருக்கிறதென்று அவளுக்கு அதுவரை தெரியாது. அடடா, இந்த ஆளிடம் படிக்கலாம் என்று முடிவு பண்ணினாள்.

ஆடியில் ஆரம்பித்த 'வெளித்தாழ்' புரட்டாசியில் முடியவில்லை. ஐப்பசி போயிற்று, முடியவில்லை. கார்த்திகை தீபத்துக்கு மலையுச்சியில் கொப்பரை ஏறி இறங்கியும்விட்டது, முதல் நாவல் இறங்கவில்லை. பரீட்சையோ மே மாதம். பாக்கி நாலு நாவலை யார் நடத்துவது, அவர் தாத்தாவா? கேட்டால், "ஆழமாகப் படிப்போம்" என்று பதில் வரும். எழிலரசிக்கு மூக்கு வியர்க்க ஆரம்பித்தது.

பழைய வகுப்புகளையெல்லாம் திரையில் மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். ஒன்று பிடிபட்டது. நாவல் முடியும் தறுவாய்க்கு வரும்போதெல்லாம் ஒரே ஆள்தான் கேள்வி கேட்டு அதைப் பின்னால் இழுக்கிறாள். பெயர் கவிநிலா. மற்றவர்களெல்லாம் இனிஷியலோடு இருக்கிறார்கள், மு. இனியன், அ. எழிலரசி என்று. இவள் மட்டும் மொட்டையாகக் கவிநிலா. அவள் கேட்பதும் தம்பியைப் பற்றி இல்லை, எப்போதும் வீட்டை விட்டுப் போன அந்த அண்ணனைப் பற்றித்தான். போன இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டிருப்பானா ஐயா? வீட்டு ஞாபகம் வந்திருக்குமா ஐயா? நாவலில் அந்த அண்ணன் மூன்றே பக்கம்தான் வருகிறான்! ஆனாலும் பேராசிரியர் அவளுக்கு ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதுவார். எழிலரசி கேட்டால் ஒரு வரி.

நெய்வேலியிலிருந்து படிக்கும் இனியன் என்கிற பையனுக்குத் தனியாகத் தட்டினாள், "தம்பி, சாருக்கும் அந்தப் பொண்ணுக்கும் நடுவுல ஏதோ இருக்குதுப்பா."

"எல்லாரும் அதைத்தான் பேசிக்கிறோம் அக்கா" என்று உடனே பதில் வந்தது.

சீ, என்று ஆகிவிட்டது அவளுக்கு. இந்த அசிங்கத்துக்கா நாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து படிக்கிறோம் என்று வயிறு எரிந்தது.

இதற்கு நடுவில் அர்ஜுனனுக்கு வேறொரு சந்தேகம். சாயங்காலம் சவாரியை விட்டுவிட்டு ஆட்டோவை பிரவுசிங் சென்டருக்கு எதிரே போட்டுக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். ஒரு நாள் அவள் வெளியே வந்ததும் கேட்டுவிட்டான்.

"கடைசி ரூம்ல ஒரு ஆளு குந்திக்கினு கீறானே, யாரு அவன்?"

"எனக்கு இன்னாங்க தெரியும்?"

"நீ வர்ற நேரத்துக்குத்தான் வர்றான். நீ எழுந்த அப்புறம்தான் எழுந்திருக்கிறான். பார்த்துக்கினுதானே கீறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. புருஷன் தன்னைச் சந்தேகப்படுகிறான் என்பது ஒரு பக்கம். அதைவிட, தன் கண்ணுக்குத் தப்பியது அவன் கண்ணில் பட்டிருக்கிறதே என்பதுதான் பெரிய அவமானமாக இருந்தது. மறுநாள் கண்ணாயிரத்தைக் கேட்டாள்.

"அதுவா? அது சாமிங்க" என்றார் கண்ணாயிரம்.

"என்ன சாமி?"

"ஊரு பேரு யாருக்குத் தெரியும்? செங்கம் ரோடு பக்கம் ரூம் எடுத்துத் தங்கிக்கிறாரு. வம்பு தும்பு கெடையாது. வருவாரு, தட்டுவாரு, போயிடுவாரு."

இந்த ஊரில் அது ஒரு வழக்கம். தனியாக வந்து ஒரு மாதம் தங்கி, நெற்றியில் திருநீறும் தோளில் ஒரு துணிப்பையுமாக நடந்தால் போதும், சாமி என்று பெயர் வைத்துவிடுவார்கள். எந்த ஊர், என்ன வேலை, யாருக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். போலீஸுக்குப் பயந்து வந்தவனும் சாமிதான், பெண்டாட்டிக்குப் பயந்து வந்தவனும் சாமிதான். எழிலரசி அன்றிலிருந்து திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பௌர்ணமி வந்தால் அவளுக்கு வகுப்பு கிடையாது. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், தேரடித் தெருவுக்குள் கால் வைக்க முடியாது. கண்ணாயிரமே அன்றைக்கு சென்டரை மூடிவிட்டு வாசலில் செருப்புக்கு டோக்கன் போட்டுக்கொண்டிருப்பார், அதில்தான் வரும்படி ஜாஸ்தி. எழிலரசி கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வீட்டுக்குப் போய்ச் சேருவாள். மறுநாள் இனியனிடம் நோட்ஸ் கேட்பாள். தை மாசத்துப் பௌர்ணமிக்கு மறுநாளும் கேட்டாள்.

"நேத்து கிளாஸே இல்லக்கா. சாருக்கு ஜுரமாம்."

நல்ல காலம், ஒன்றும் தவறவில்லை என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. கார்த்திகையில் கேட்டபோதும் இப்படித்தானே சொன்னான்? அன்றைக்கு நெட் வரவில்லை என்றான். அதற்கு முன்னால் ஒரு தடவை, சார் வெளியூர் என்றான். தான் வராத நாளிலெல்லாம் வகுப்பும் இல்லாமல் போவதை இத்தனை மாதமாக அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், வீட்டுக்குப் போனதும் போன வருஷக் காலண்டரை எடுத்துப் புரட்டினாள். பௌர்ணமி, பௌர்ணமி, பௌர்ணமி. எந்த மனுஷனுக்காவது மாதாமாதம் பௌர்ணமிக்கு ஜுரம் வருமா? பௌர்ணமியன்று கம்ப்யூட்டர் பக்கம் போக முடியாத ஊர் உலகத்தில் எத்தனை இருக்கிறது?

"ஏங்க, எங்க வாத்தியாரு இந்த ஊர்லதான் இருக்காரு" என்றாள்.

அர்ஜுனன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "யாரு, அந்த மூஞ்சி இல்லாதவனா?"

"மூஞ்சி இருக்குது. நீங்கதான் எனக்கு முன்னாடி பார்த்துட்டீங்க."

மறுநாள் சாயங்காலம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எழிலரசி தட்டினாள்: "ஐயா, அண்ணன் போன அன்று தம்பி எந்த அறையில் படுத்திருந்தான்?" தட்டிவிட்டுக் கையை எடுத்துக் காதைத் தீட்டிக்கொண்டாள். கடைசி அறையில் கீபோர்டு சத்தம் கேட்டது. சத்தம் நின்றதும் அவள் திரையில் பதில் விழுந்தது. மறுபடி ஒரு கேள்வி போட்டாள். மறுபடி அங்கே சத்தம், இங்கே பதில். மூன்றாம் தடவை அவள் சோதிக்கவில்லை. எழுந்து போய்க் கடைசி அறையின் திரைச்சீலையைச் சர்ரென்று இழுத்தாள்.

"வணக்கம், கோதண்டராமன் சார்."

அந்த மனிதருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அவளைப் பார்த்து அவர் பயந்த பயத்தில் மூக்குக்கண்ணாடி நழுவியது.

"யாரு அனுப்பிச்சாங்க உங்களை?" என்றார்.

"யாரும் அனுப்பல. நான் எழிலரசி. உங்ககிட்டதான் படிக்கிறேன், அந்த மூணாவது ரூம்ல இருந்து."

அவர் வகுப்பை முடிப்பதாக நாலு வார்த்தை தட்டிவிட்டு, மறுபேச்சில்லாமல் அவள் பின்னால் வந்தார். தேர் நிலைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கம் அர்ஜுனன் ஆட்டோவிலிருந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நின்றால் நிற்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

"நேராவே கேக்கறேன் சார். அந்தப் பொண்ணு கவிநிலாவுக்கும் உங்களுக்கும் என்ன?"

"என்னன்னா?"

"என்னன்னு உங்களுக்குத் தெரியும். வகுப்பே சிரிக்குது."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவ என் பொண்ணும்மா" என்றார். "பேருக்கு முன்னாடி போட வேண்டிய இனிஷியல் என்னுது. அதைத்தான் போடாம சேர்ந்திருக்கா."

எழிலரசிக்கு முகத்தில் யாரோ தண்ணீரை விசிறி அடித்தது போலிருந்தது. இத்தனை நாளும் இனியனோடு சேர்ந்து பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனாள்.

அவர் மெல்லச் சொன்னார். சென்னையில் வீடு. மனைவி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. மகளும் அவரும்தான். ஒரு நாள் காலையில் பால் வாங்கப் படியிறங்கினவர், என்ன தோன்றியதோ, அப்படியே பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்துவிட்டார். மகளுக்குச் சொல்லவில்லை. இந்த வகுப்பை எங்கிருந்து வேண்டுமானாலும் நடத்தலாம் என்பதால் அது மட்டும் தொடர்ந்தது.

"பால் வாங்க இறங்கினவரு கண்ணாடி, நாவல், பாஸ்வேர்டு எல்லாத்தையும் எப்படி சார் எடுத்துக்கினு வந்தீங்க?" என்றாள் எழிலரசி.

அவர் அவளைப் பார்த்தார். அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தானே. தப்பிக்க வழியில்லை.

"வாஸ்தவம்தான். பை முன்னாடியே கட்டி வச்சிருந்தேன்" என்றார். "ரெண்டு நல்ல வரன் வந்துச்சும்மா அவளுக்கு. அப்பாவை விட்டுட்டு வரமாட்டேன்னு ரெண்டையும் தள்ளிட்டா. நான் இல்லாட்டி கட்டிப்பாள்னு நெனச்சேன். அதுவும் பாதிதான் உண்மை. இங்க வந்தப்புறம் எனக்கு நிம்மதியா இருக்கு. அதைச் சொல்ல வெட்கமாவும் இருக்கு."

"நீங்கதான்னு தெரிஞ்சுதான் அது வகுப்புல சேர்ந்துதா?"

"தெரிஞ்சுதான். அவ கேள்வியைப் பார்த்த முதல் நாளே எனக்கும் தெரிஞ்சுடுச்சு. அவளும் அப்பான்னு கூப்பிடல, நானும் கவின்னு கூப்பிடல. நேரா கேட்டா நான் வகுப்பையும் விட்டுட்டு ஓடிடுவேன்னு அவளுக்குப் பயம். நாவலை முடிச்சா அவ போயிடுவாளோன்னு எனக்குப் பயம். அந்த அண்ணனைப் பத்தி அவ கேக்கறா, நான் பதில் சொல்றேன். நான் சாப்பிட்டேனான்னு அவ வேற எப்படிம்மா கேப்பா?"

கல்லும் கரையும் பேச்சுதான். ஆனால் தனத்தின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. அவ்வளவுதான், ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏன் சார், உங்க வீட்டு விவகாரத்துக்கு முப்பது பேரு பரீட்சைதான் கெடைச்சுதா? நாலு நாவல் தொடவே இல்ல! நான் விடிகாலையில எழுந்து சோறாக்கி, பள்ளிக்கூடம் போயி, பஸ்ல தொங்கிக்கினு வந்து படிக்கிறேன். என் ப்ரமோஷன் போச்சுன்னா நீங்க வாங்கிக் குடுப்பீங்களா? நீங்க பெரிய வாத்தியாராவே இருங்க. ஆனா இது அநியாயம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கே ரெண்டாவது நாவல் ஆரம்பிக்கணும். இல்லாட்டி நீங்க எங்க இருக்கீங்கன்னு உங்க பொண்ணுக்குத் தட்டிடுவேன்."

"வேண்டாம்மா. ஆரம்பிச்சுடறேன்" என்றார். எழுந்து போகும்போது துணிப்பையை பெஞ்சிலேயே விட்டுவிட்டார். அவள்தான் ஓடிப்போய்க் கொடுத்தாள்.

"இன்னாவாம் அவனுக்கு?" என்றான் அர்ஜுனன், ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே. அவள் முழுக்கதையையும் சொன்னாள். வாசலில் இறங்கும்போது, "நான் உன்னையப் போயி…" என்று ஆரம்பித்தான்.

"தெரியும், வாங்க" என்றாள்.

மறுநாள் வகுப்பில் முதல் வரியே, "இன்று இரண்டாம் நாவல்" என்று வந்தது. அப்பாடா என்றான் இனியன். ஆளாளுக்குக் கைதட்டுகிற படம் போட்டார்கள். பேராசிரியர் அந்த நாவலின் கதையை மளமளவென்று எழுதிக்கொண்டே போனார். பழைய ருசி அதில் இல்லை. ஏதோ கைடு புத்தகத்தைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. இருந்தால் என்ன, பாடம் நகர்ந்தது. எழிலரசி நோட்டில் வேகவேகமாகக் குறித்துக்கொண்டாள்.

நடுவில் ஒரு கேள்வி விழுந்தது.

"ஐயா, முதல் நாவலில் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அண்ணன் வெளியே தாழ் போட்டுவிட்டுப் போய்விட்டான். உள்ளே இருக்கிறவர்கள் எப்படி வெளியே வருவது?" கவிநிலாதான்.

கடைசி அறையில் சத்தமே இல்லை. எழிலரசி பென்சிலை வைத்துவிட்டு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தாள். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது.

"அந்த நாவல் முடிந்துவிட்டது அம்மா."

"சரிங்க ஐயா. எனக்கு அந்த ஒரு நாவலில்தான் சந்தேகம். மற்றதில் எனக்கு வேலை இல்லை. விடைபெறுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

யாரோ, "ஒழிந்தது தொல்லை" என்று தட்டினார்கள். இன்னொருவர் சிரிக்கிற படம் போட்டார். கேட்டது கிடைத்துவிட்டது எழிலரசிக்கு. பாடம் ஓடும், பரீட்சை எழுதலாம், பட்டியலில் பெயர் வரும். ஆனால் பேராசிரியர் பாடத்தைத் தொடரவில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. சே, நாம் என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று அவளுக்குப் பகீரென்றது. ப்ரமோஷனுக்காக ஒரு பெண்ணை அவள் அப்பாவிடமிருந்து பிடித்துத் தள்ளிவிட்டோமே என்று நினைத்ததும் கை தானாக ஓடியது. தனியாகத் தட்டத் தெரியாதவள் இல்லை. ஆனால் தேடிப்பிடித்துத் தட்டுவதற்குள் கவிநிலா போய்விடுவாளே என்ற பயத்தில் எல்லாரும் பார்க்கவே தட்டினாள்.

"கவிநிலா, போகாதம்மா. உங்க அப்பா திருவண்ணாமலைல இருக்காரு. தேரடித் தெரு, கண்ணாயிரம் பிரவுசிங் சென்டர், கடைசி ரூம். இப்பவும் அங்கதான் குந்தி அழுதுக்கினு இருக்காரு. நான் பக்கத்துலதான் இருக்கேன். கிளம்பி வா."

கடைசி அறையில் நாற்காலி கிறீச்சிட்டது. ஓடிப்போகப் போகிறார் என்று நினைத்து எழிலரசி எழுந்து வழியில் போய் நின்றாள். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அவரும் நின்றார். முகமெல்லாம் ஈரம்.

"இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா."

"போறதுன்னா என்னைத் தள்ளிட்டுப் போங்க சார்" என்றாள்.

கண்ணாயிரம் ஒன்றும் புரியாமல் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்போது அவளுடைய கம்ப்யூட்டரில் டிங் என்று சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

"தெரியும் அக்கா. அப்பாவோட நண்பர் ஒருத்தர் கோயில்ல பார்த்துட்டு, இந்த சென்டர் வரைக்கும் பின்னாடியே வந்து பார்த்துச் சொன்னார். ஐப்பசியிலேயே ஒரு நாள் வந்தேன். வர்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி போட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன். சந்துப் பக்கம் ஜன்னல் வழியா நின்னு பார்த்தேன். அவர் திரையில என் கேள்வி தெரிஞ்சுது, அதுக்குத்தான் பதில் அடிச்சுக்கிட்டு இருந்தார். இளைச்சுப் போயிருந்தாலும் முகம் சந்தோஷமா இருந்துச்சு. கூப்பிட மனசு வரல, திரும்பிட்டேன். எங்க இருக்கார்னு தெரியாம நான் கேட்டுக்கிட்டு இல்லக்கா. அவரா ஒரு தடவை கவின்னு கூப்பிடுவாரான்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

சிரிக்கிற படம் போட்டவர் வாயையும் காணோம்.

கோதண்டராமன் எழிலரசியின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குக் கை ஓடலம்மா. நீங்களே அடிங்க. வரச் சொல்லி அடிங்க" என்றார்.

"நான் மாட்டேன் சார். நான் அடிச்சா அந்தப் பொண்ணு நம்பாது. நீங்களே போயி அடிங்க" என்றாள் எழிலரசி.

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு எழுத்துத் தட்டுவதும் நிறுத்துவதும் அழிப்பதுமாகச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்குப் பொறுமையே போய்விட்டது, அட, அடிச்சுத் தொலையும்யா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பேராசிரியர் என்கிற பெயருக்கு எதிரே கடைசியில் விழுந்தது.

"கவி, அப்பாவுக்கு உன்னைப் பார்க்கணும்மா. வா."

எழிலரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதிலைப் படிக்க அவள் காத்திருக்கவில்லை. அது அவள் படிக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. முப்பது பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, இனி இந்த மனிதர் அவர்கள் முன்னால் நாவல் நடத்தப் போவதில்லை, பல்கலைக்கழகம் வேறு ஆள் போட்டு, அந்த ஆள் வந்து சேருவதற்குள் பரீட்சையே வந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அர்ஜுனன் பதறிப்போய் ஆட்டோவிலிருந்து குதித்தான். "இன்னா ஆச்சு எழிலு? அந்தாளு ஏதாச்சும் சொன்னானா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. வண்டியை எடுங்க" என்றாள். ஏறி உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இன்னிலேர்ந்து ராத்திரி சோறு நீங்கதான் ஆக்கணும். நாலு நாவல் கெடக்குது, வாத்தியாரும் இல்ல. நானேதான் படிச்சாகணும்."